படிக்கட்டு முறை: ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நடந்தது

பின்னணி

ஜெர்மனியின் தென்மேற்கில், ஷ்டுட்கார்ட்டைச் சுற்றி நெக்கார் ஆற்றை ஒட்டி, கார் தொழிலையும் இயந்திரத் தொழிலையும் நம்பி வாழும் சின்ன ஊர்கள் நிறைய உண்டு. எண்பதுகளில் வந்த ஈழத்தமிழர்கள் இங்கே வேர்விட்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. அண்மைக் காலமாகக் கோவை, சென்னை, ஓசூர் பக்கமிருந்து பொறியாளர்களும் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு வீடு, பள்ளி, ஊர்ப்பதிவு போன்ற ஆரம்ப வேலைகளில் கைகொடுக்கும் ஒரு சிறு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், பெயர், வேலை செய்த நிறுவனம் எதையும் குறிப்பிடவில்லை.

கணவர் இயந்திரப் பொறியாளர். மனைவி ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான்கு வயது மகள். மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு என்று மொத்தம் ஆறு வீடுகள் உள்ள பழைய கட்டடத்தில், மேல் தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. நேர் கீழே எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். எதிர் வீட்டில் ஒரு தம்பதி. கணவன் இரவு ஷிப்ட் போகிறவர். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தார்.

நிறுவனம் வைத்த இடமாற்ற ஏஜென்ட் இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய ஊர்ப்பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துக் கொடுத்தார். வாடகை ஒப்பந்தத்தின் பின்னால் 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்று சில பக்கங்கள் இருந்தன. அந்தக் கட்டடத்தில் குடியிருப்போர் நடந்துகொள்ள வேண்டிய விதிகள் அவை. எல்லாம் ஜெர்மன் மொழியில். கையெழுத்துப் போட்டார்கள்; அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் முதல் ஜனவரி வரை

அக்டோபரில் குடிபோனார்கள். நம் ஊரில் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், "எந்த ஊரு, எத்தனை பேரு" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே புதிதாக வந்தவர்தான் ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்துத் தன் பெயரைச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் இவர்கள் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. 'இந்த ஊர் ஆட்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல' என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிட்டதாக மனைவி பின்னால் சொன்னார். கீழ் வீட்டுப் பாட்டியோ, 'வந்து ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லையே' என்று இருந்திருக்கிறார்.

நவம்பரில் ஒரு நாள் காலை, வாசல் கதவுப் பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. அதில் 'கேர்வோகே' என்று எழுதியிருந்தது. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன பொருள் என்று நினைத்து, எடுத்துப் போய் நிலவறையில் தங்களுக்கான அறையில் வைத்துவிட்டார்கள்.

சுவேபியா என்று சொல்லப்படும் இந்தப் பகுதியில் அந்தப் பலகைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஷ்டுட்கார்ட்டில் அவரவர் வாசலை அவரவர் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற கட்டளையை 1492-ஆம் ஆண்டு நகரச் சட்டம்வரை கொண்டுபோவார்கள். பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது அவர்கள் முறை. இதில் சின்ன முறை, பெரிய முறை என்று இரண்டு. சின்ன முறை என்றால் தன் தளத்துக்கு முன்னால் உள்ள இடமும் கீழே இறங்கும் படிகளும். பெரிய முறையில் நிலவறை வழி, குப்பைத் தொட்டி வைக்கும் இடம், தெருவோர நடைபாதை, பனிக்காலமானால் பனி தள்ளுவது எல்லாம் சேரும். வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். வாராவாரம் செய்தே ஆக வேண்டும் என்ற நகராட்சிக் கட்டாயத்தை ஷ்டுட்கார்ட் 1988-இல் கைவிட்டுவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது இன்றும் கட்டுப்படுத்தும். இவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

பலகை நிலவறைக்குப் போனதும் முறை அறுந்துபோனது. அதற்குப் பிறகு முழங்கால் வலியோடு கீழ் வீட்டுப் பாட்டியே மேல் படிகளையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார். இவர்களுக்கு அது தெரியாது. கட்டடத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்கள்.

கிரைண்டர் விஷயம் தனி. கோவையிலிருந்து கொண்டுவந்த இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர். இங்கேயும் அதே 230 வோல்ட் என்பதால் வந்த அன்றே ஓடியது. வெள்ளி இரவு ஒன்பதரைக்குப் போட்டுப் பத்தேகாலுக்கு மாவு வழிப்பார்கள். ஞாயிறு மதியம் அடைக்கு ஒருமுறை. டைல்ஸ் தரையின்மேல் நேராக வைத்த கல் கிரைண்டரின் அதிர்வு சுவர் வழியாகக் கீழே இறங்கும். மேலே நிற்பவருக்கு அது பெரிய சத்தமாகவே தெரியாது.

டிசம்பரில் கதவில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தால், 'அமைதி நேரங்களையும் வீட்டு விதிகளையும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்' என்று வந்தது. கையெழுத்து இல்லை. அதே வாரத்தில் அலுவலகத்தில் ஒருவர் கணவரின் குளிர்கோட்டில் சமையல் வாசனை வருகிறது என்று சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, துண்டுத்தாளுக்குக் காரணம் தங்கள் சமையல் வாசனைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்த எல்லாம் அந்த முடிவிலிருந்து வந்தவை. வாசனை வெளியே போகக்கூடாது என்று சமைக்கும்போது ஜன்னல்களை அடைத்தார்கள். துணியும் உள்ளேயே காய்ந்தது. படிக்கட்டில் ஆள் அரவம் கேட்டால், அது அடங்கும்வரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் பிறகு வெளியே வந்தார்கள். ஜனவரியில் படுக்கையறையின் வெளிச்சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. அதையும் வீட்டுக்காரரிடம் சொல்லப் பயம்.

ஒரு ஞாயிறு காலை சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுக்கும்போது நடைவழியில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலத்தில் 2014 முடிவுக்குள் பழைய வீடுகளிலும் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம். படுக்கையறைகளிலும், தப்பிக்கும் வழியாகப் பயன்படும் நடைவழிகளிலும் கட்டாயம். எதிர் வீட்டுக்காரரும் பாட்டியும் ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். மனைவியும் குழந்தையும் மட்டும் வீட்டில். திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் கதவைத் திறக்கவில்லை. அலாரம் அடங்கியது, அவர்கள் திரும்பிப் போனார்கள்.

எச்சரிக்கைக் கடிதம்

பிப்ரவரியில் வீட்டுக்காரரிடமிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. தலைப்பு 'அப்மானுங்', அதாவது எச்சரிக்கை. நான்கு புகார்கள் இருந்தன: இரவிலும் ஞாயிறன்றும் இயந்திரச் சத்தம், படிக்கட்டு முறையைச் செய்யாதது, பொதுப் படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருப்பது, குழந்தை ஓடுகிற சத்தம். தொடர்ந்தால் ஒப்பந்தம் முடிக்கப்படும் என்று கடைசி வரி.

அந்தக் கடிதத்தோடு கணவர் எங்களிடம் வந்தார். வீடு போனால் விசாவும் போய்விடுமோ என்பதுதான் அவர் முதல் கேள்வி. மனைவி, குழந்தையை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்கிற நிலையில் இருந்தார்.

கடிதத்தை வரிவரியாக மொழிபெயர்த்து முன்னால் வைத்தபோது எங்களுக்கு முதலில் பட்டது, அதில் வாசனை பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது. மூன்று மாதமாக ஜன்னலை அடைத்து, ஆளைத் தவிர்த்து, பூஞ்சையோடு வாழ்ந்தது யாருமே சொல்லாத ஒரு புகாருக்காக. சொன்ன புகார்கள் எல்லாம் அப்படியே நின்றன.

எடுத்த முடிவுகள்

பயத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. ஒப்பந்த மீறலுக்காக ஒருவரைக் காலி செய்யச் சொல்வதற்கு முன்னால் பொதுவாகக் கொடுக்க வேண்டிய எச்சரிக்கைதான் இந்தக் கடிதம். சொன்னதைத் திருத்திக்கொண்டால் அத்தோடு முடிந்துவிடும். விசாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அப்புறம், ஊரில் உள்ள வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சொன்னோம். ஆண்டுச் சந்தா கட்டினால் வாடகைச் சட்டம் தெரிந்தவர்கள் கடிதங்களைப் படித்து ஆலோசனை சொல்வார்கள். கணவர் உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். புகார்களில் பாதிக்கு மேல் நியாயமானவை. அதற்கு வக்கீல் வழியாகப் பதில் போனால், அதே படிக்கட்டில் தினமும் ஏறி இறங்க வேண்டிய மற்ற ஐந்து வீட்டாரோடும் பேச்சு நின்றுவிடும்.

புகார்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாக எடுத்தோம். செருப்பு ஸ்டாண்டு அன்றே உள்ளே போனது. வாசலுக்கு வெளியே செருப்பு விடுவது நமக்குச் சுத்தத்தின் அடையாளம். இங்கே படிக்கட்டு, தீப்பிடித்தால் ஓட வேண்டிய பொது வழி. படிக்கட்டு முறையில் விவாதத்துக்கு இடமே இல்லை, அந்த வாரமே தொடங்க வேண்டும். கிரைண்டருக்கு நேரம் மாற்ற வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஊர் முழுக்க அமைதி நேரம். இந்தக் கட்டடத்தின் விதிப்படி மதியம் 1 முதல் 3 வரையும் அப்படித்தான்.

ஞாயிறு விஷயத்தில் கணவருக்கு உண்மையான ஆதங்கம் இருந்தது. "கிடைக்கிறதே ஒரு நாள், அன்னைக்கும் ஒண்ணும் செய்யக்கூடாதா?" என்றார். ஞாயிறு இங்கே வெறும் விடுமுறை கிடையாது. வேலையிலிருந்து ஓய்வெடுக்கும் நாளாக அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தின் 139-ஆம் பிரிவு சொன்னது. 1949-இல் வந்த இப்போதைய அரசியல் சட்டம், தன் 140-ஆம் பிரிவின் வழியாக அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. கடைகள் மூடியிருப்பதும், புல்வெட்டும் இயந்திரம் ஓடாததும், கண்ணாடிப் பாட்டில் தொட்டியில் அன்று யாரும் பாட்டில் போடாததும் இந்த நினைப்பில் வருபவைதான். இதைச் சொன்னதும் அவர் கோபம் குறைந்தது. தன்னை மட்டும் குறிவைத்துச் சொல்லவில்லை என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது.

குழந்தை ஓடும் புகாரை மட்டும் ஏற்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். பகலில் நான்கு வயதுக் குழந்தை வீட்டுக்குள் நடப்பதும் ஓடுவதும் சாதாரண வாழ்க்கையின் பகுதி. அண்டை வீட்டார் பெருமளவு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இங்குள்ள நீதிமன்றங்களின் போக்கு. சங்கத்தின் ஆலோசகரும் அதையே சொன்னார். குழந்தையின் அறையில் தடித்த கம்பளம் போடுவதாக எழுதினோம். குழந்தையை அடக்குவதாக எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டால் அடுத்த புகாருக்கும் அதையே எதிர்பார்ப்பார்கள். அதைவிட, அந்தக் குழந்தை தன் வீட்டிலேயே குதிகாலைத் தூக்கி நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

பூஞ்சையை மறைக்காமல் அன்றே படத்தோடு வீட்டுக்காரருக்கு எழுத வைத்தோம். வீட்டில் குறை தெரிந்தால் தாமதிக்காமல் சொல்வது வாடகைக்கு இருப்பவரின் சட்டக் கடமை. சொல்லாமல் விட்டு அது பெருகினால் நஷ்டம் இவர்கள் தலையில் விழும். கூடவே காற்றோட்டமும் மாற வேண்டியிருந்தது. குளிர்காலத்திலும் ஒரு நாளைக்குச் சில தடவை, ஜன்னலைச் சாய்த்து வைக்காமல் முழுசாகத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு மூட வேண்டும்.

சனிக்கிழமை

இதில் கடினமான வேலை மணி அடிப்பதுதான். சனிக்கிழமை காலை பத்தரை மணி என்று நேரம் குறித்தோம். மதிய அமைதி நேரத்தைத் தொடாத நேரம், ஞாயிறும் இல்லை. கணவர் நீளமாக மன்னிப்புக் கேட்டு எல்லாக் காரணத்தையும் விளக்க நினைத்தார். சுருக்கச் சொன்னோம்: பெயர், எந்த வீடு, படிக்கட்டு முறை எங்களுக்குப் புரியவில்லை, தயவுசெய்து காட்டுங்கள், கிரைண்டர் இனி இந்த நேரத்தில் மட்டும்தான் ஓடும். ஜெர்மனில் நான்கு வாக்கியம். மனைவி அதை மனப்பாடம் செய்துகொண்டார். பெரிய பரிசு எதுவும் வேண்டாம் என்றோம், காரணம் விலை உயர்ந்த பொருளைக் கையில் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் வந்துவிட்டதாக இங்கே நினைப்பார்கள். ஒரு சின்ன டப்பாவில் முறுக்கு எடுத்துப் போனார்.

பாட்டி கதவைத் திறந்து, நான்கு வாக்கியத்தையும் முழுதாகக் கேட்டார். முகத்தில் பெரிய மாற்றமில்லை. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து, நிலவறையில் பொது வாளியும் துடைப்பானும் இருக்கும் இடத்தைக் காட்டினார். எந்தப் படியிலிருந்து எந்தப் படிவரை, கைப்பிடியையும் துடைக்க வேண்டும், தண்ணீரை எங்கே கொட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். மனைவி போய்ப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்" என்றார். மூன்று மாதம் மேல் படிகளைத் தானே துடைத்ததை அப்போதுதான் சொன்னார். அலாரம் அடித்த அன்று கதவு திறக்காததால், உள்ளே மயங்கிக் கிடக்கிறார்களோ என்று தீயணைப்புப் படையைக் கூப்பிடக் கையில் போனை எடுத்ததாகவும் சொன்னார்.

வாசனை பற்றி மனைவி துணிந்து கேட்டேவிட்டார். படிக்கட்டில் எப்போதாவது வரும், அதற்கென்ன என்பதுதான் பதில்.

எதிர் வீட்டில் வரவேற்பு அப்படி இருக்கவில்லை. கணவன் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "உங்கள் நாட்டில் இப்படி இருக்கலாம், இங்கே முடியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இனவெறியா?

இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. வாடகைக்கு வீடு கொடுப்பதில் பாகுபாடு காட்டுவதற்கு எதிராக 2006-இலிருந்து ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது என்றால், அந்தப் பிரச்சினை இருப்பதால்தான். குடும்பத்திடம் நாங்கள் பார்க்கச் சொன்னது ஒன்றே ஒன்று: இதே புகார் மற்றவர்களுக்கும் போயிருக்கிறதா? தரைத்தளத்தில் இருந்த ஜெர்மன் இளைஞருக்கும் முந்தைய ஆண்டு படிக்கட்டு முறைக்காகக் கதவில் துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஆக, அந்தத் தாள் விரோதத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தக் கட்டடத்தில் நேருக்கு நேர் சொல்லச் சங்கடப்படுகிறவர்கள் முதலில் எடுக்கும் மென்மையான வழி அது.

எதிர் வீட்டுக்காரர் சொன்னது வேறு வகை. அதற்கு அங்கேயே பதில் பேச வேண்டாம், தேதியையும் சொன்ன சொல்லையும் எழுதி வையுங்கள் என்றோம். மறுபடி நடந்தால் வீட்டுக்காரருக்கும் சங்கத்துக்கும் எழுத அது வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருந்தால், பாட்டியோடு சரியாகியிருக்கக்கூடிய உறவும் கெட்டிருக்கும்.

பிறகு நடந்தது

கிரைண்டருக்கு அடியில் வாஷிங் மெஷினுக்குப் போடும் தடித்த ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார்கள். மாவு அரைப்பது சனி மாலை மூன்றரைக்கு மாறியது. மிளகாய் வறுக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, சமையலறை ஜன்னலை முழுசாகத் திறந்தார்கள். முன்பு செய்தது இதற்கு நேர் எதிர்: ஜன்னலை அடைத்து, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். புகை நடைவழிக் கருவிக்குப் போனது அதனால்தான். அதன்பின் அலாரம் அடிக்கவில்லை.

வீட்டுக்காரர் பெயின்டரை அனுப்பிப் பூஞ்சையை எடுத்தார். காற்றோட்டம் விடாததால் வந்தது, முழுச் செலவும் உங்களுடையது என்று எழுதினார். அந்தச் சுவரில் குளிர் இறங்கும் குறையும் இருக்கிறது என்று சங்கம் பதில் எழுதியது. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை.

பாட்டியோடு பெரிய நட்பு ஏதும் வளர்ந்துவிடவில்லை. ஆனால் படிக்கட்டில் பார்த்தால் "க்ரூஸ் காட்" என்று இந்தப் பக்கத்து வணக்கத்தை இரு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். பனிக்காலத்தில் பாட்டியின் பெரிய முறை வாரத்தில் நடைபாதைப் பனியைக் கணவர் தள்ளிவிட்டார். குழந்தை சாதாரணமாக ஓடியது. எதிர் வீட்டுக்காரர் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை; அவர் இன்னொரு முறை புகார் செய்தபோது, கம்பளம் போட்டதையும் பகல் நேரச் சத்தம்தான் என்பதையும் சுட்டிக்காட்டி வீட்டுக்காரரே அவருக்குப் பதில் எழுதினார். பின்னால் இந்தக் குடும்பம் வேலை மாறி வேறு நகரத்துக்குப் போனபோது, வாடகை பாக்கி இல்லை என்ற சான்றை வீட்டுக்காரர் கேட்டவுடன் கொடுத்தார். அடுத்த வீடு கிடைக்க அது உதவியது.

இதன் பிறகு மாற்றியவை

இப்போது ஒரு குடும்பம் வந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டு விதிப் பக்கங்களைக் கேட்டு வாங்குகிறோம். எந்த வாரம் யார் முறை, பொதுத் துடைப்பம் எங்கே, மதிய அமைதி நேரம் உண்டா என்ற மூன்றையும் வீட்டுக்காரரிடம் எழுத்திலேயே கேட்கச் சொல்கிறோம். குடிபோன முதல் வாரத்தில் எல்லா வீட்டு மணியையும் அடித்து அறிமுகம் செய்துகொள்ள, தயக்கம் இருந்தால் எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். இடமாற்ற ஏஜென்ட்களிடமும் இதைப் பேசினோம். ஒருவர் மட்டும் தன் பட்டியலில் வீட்டு விதிகளைச் சேர்த்திருக்கிறார்.

துண்டுத்தாள் வந்தால் அன்றைக்கே எங்களுக்குப் படம் அனுப்பச் சொல்கிறோம். டிசம்பரிலேயே யாராவது அந்தத் தாளைப் படித்து, எந்த நேரம், எந்த விதி என்று கீழே போய்க் கேட்டிருந்தால் பிப்ரவரிக் கடிதம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் எங்கள் குழுவுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. முதலில் மணி அடித்துப் பேசுவது, பிறகுதான் எழுத்து என்ற வரிசையை எல்லோருக்கும் சொல்லலாமா என்பதுதான் அது. பிறப்பையோ நிறத்தையோ தொட்டு ஏற்கெனவே யாராவது பேசிய வீட்டில், அதுவும் பகலில் பெண் தனியாக இருக்கும் வீட்டில், போய்ப் பேசு என்று சொல்வது சரியில்லை என்று எங்களில் இருவர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இப்போது முதலில் சங்கத்துக்குத்தான் அழைத்துப் போகிறோம்.